ராணிச் சிப்பாய்த் தொடக்கங்கள்: தெரிவும் ஆட்டமும்

அத்தியாயம் 7

சதுரங்கம் பழகுகிற எவரும் முதலில் கைவைப்பது ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயில்தான். ராணியும் மந்திரியும் உடனே வெளியே வந்துவிடும்; எஃப்7ஐக் குறிவைத்து நாலே நகர்வில் மேட் வைக்கலாம்; வீட்டில் தம்பி தங்கையை இரண்டு தடவை வெல்லலாம். பாடசாலை அணிக்குள் வந்து, கண்டியிலோ மாத்தளையிலோ ஒரு சுற்றுப்போட்டிக்குப் போனால் நிலைமை மாறிவிடும். எதிரே இருப்பவருக்கும் அந்த வித்தை தெரிந்திருக்கும். ஒருவர் சிசிலியன் ஆடுவார், அடுத்தவர் பிரெஞ்ச், மூன்றாமவர் காரோ-கான். ஒவ்வொன்றுக்கும் தனிப் பாடம் வேண்டும்.

அந்த இடத்தில் வந்து நிற்பவருக்காக எழுதப்பட்டது இந்த அத்தியாயம். விதிகள் தெரியும், சின்னச் சின்ன உத்திகள் தெரியும், ஆனால் நேரம் இல்லை. பாடசாலை ஒன்றரைக்கு விட்டால் பின்னேரம் முழுக்க டியூஷன். கம்பளை, நாவலப்பிட்டி பக்கம் இருப்பவருக்கு வழிப்பயணமும் சேரும். சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் பலகை அலுமாரிக்குள் போய்விடும். வாரத்தில் மூன்று மணித்தியாலம் மிஞ்சினாலே பெரிது. அந்த நேரத்துக்குள் அடங்குகிற தொடக்கத்தைத்தான் தெரிய வேண்டும்.

அதற்கான வழி இது: வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று என்று இரண்டு தனித்தனி உலகங்களைப் படிக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே சிப்பாய் அமைப்புக்கு வந்து சேரும் தொடக்கங்களைத் தெரிவு செய்யுங்கள். படிக்க வேண்டியது பாதியாகக் குறையும். ராணிச் சிப்பாய்த் தொடக்கங்களில் இது எளிதாகக் கைகூடும்.

குறியீடு

இந்த நூலில் கட்டங்களை ஏ முதல் எச் வரையிலான நிரைகளாலும் 1 முதல் 8 வரையிலான எண்களாலும் குறிக்கிறோம். கட்டம் மட்டும் எழுதியிருந்தால் அது சிப்பாய் நகர்வு. × என்றால் வெட்டு, + என்றால் செக். முதலில் வெள்ளையின் நகர்வு, கோட்டுக்குப் பின் கறுப்பின் நகர்வு. பலகையைப் பக்கத்தில் வைத்து, காய்களை நகர்த்தியபடியே வாசியுங்கள்.

1. டி4 என்ன செய்கிறது

ஈ4இல் போய் நிற்கும் சிப்பாய்க்கு முதல் நகர்வில் காவல் கிடையாது. டி4இல் நிற்கும் சிப்பாய்க்குப் பின்னாலேயே ராணி இருக்கிறது. இந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்துதான் ஆட்டத்தின் குணமே மாறுகிறது. நடுப்பகுதி சட்டென்று திறக்காது. ராஜாக்கள் காஸ்லிங் செய்ய அவகாசம் கிடைக்கும். ஒரு நகர்வை மறந்துவிட்டாலும் பெரும்பாலும் உடனடி மேட் வராது. அதற்கு விலையும் உண்டு. பத்தாவது நகர்வுக்குப் பிறகு என்ன செய்வது என்ற திட்டம் இல்லாதவர் டி4 ஆடினால், நல்ல நிலையில் இருந்தபடியே மெதுவாகத் தோற்பார்.

இது ஆறுதலான ஆட்டக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிட வேண்டாம். விசுவநாதன் ஆனந்த் நெடுங்காலம் ஈ4 ஆட்டக்காரராகவே பெயர் பெற்றிருந்தார். 2008ஆம் ஆண்டு பொன் நகரில் கிராம்னிக்குக்கு எதிரான உலக சாம்பியன் பட்டப் போட்டியில் வெள்ளைக் காய்களுடன் டி4க்கு மாறினார். கிராம்னிக்கின் தயாரிப்பில் ஒரு பெரும் பகுதி அதனால் பயனற்றுப் போனது, ஆனந்த் 6.5–4.5 என்று வென்றார். 2010இல் சோஃபியாவில் தோப்பலோவுக்கு எதிராக இரண்டாவது, நான்காவது ஆட்டங்களை டி4இல் தொடங்கும் கற்றலான் முறையில் வென்றார். 2024 நவம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனுக்கு எதிரான உலக சாம்பியன் பட்டப் போட்டியில் குகேஷ் தன் முதல் வெற்றியை எடுத்த மூன்றாவது ஆட்டமும் ராணிச் சிப்பாய்த் தொடக்கம்தான். அதே ஆட்டத்தின் அமைப்பையே இந்த அத்தியாயம் பரிந்துரைக்கிறது.

தெரிவுக்கு மூன்று கேள்விகள்

முதலாவது: அடுத்த போட்டிக்கு எவ்வளவு நாள் இருக்கிறது? ஒரு வாரம் என்றால் லண்டன் முறை. இரண்டு மாதம் என்றால் ராணி கேம்பிட்.

இரண்டாவது: நேரக் கட்டுப்பாடு என்ன? ஒரே நாளில் முடியும் ரேபிட் போட்டியில், கண்ணை மூடிக்கொண்டும் ஆடக்கூடிய முதல் எட்டு நகர்வுகள் கடிகாரத்தில் நேரத்தைச் சேமித்துத் தரும். நீண்ட ஆட்டங்களில் அந்தச் சேமிப்பைவிட நல்ல நிலை முக்கியம்.

மூன்றாவது: தோற்ற ஆட்டங்களில் எங்கே தோற்கிறீர்கள்? பதினைந்து நகர்வுக்குள் என்றால் தொடக்கத்தில் குறை இருக்கிறது. முப்பதுக்கு மேல் என்றால் தொடக்கத்தை மாற்றிப் பயனில்லை. 11ஆம் அத்தியாயத்தில் உள்ள கோட்டை இறுதியாட்டங்களைப் படியுங்கள்.

லண்டன் முறை: ஒரு வாரத்தில்

1922ஆம் ஆண்டு லண்டன் போட்டியில் பலர் ஆடியதால் இந்தப் பெயர். கறுப்பு என்ன செய்தாலும் வெள்ளை பெரும்பாலும் ஒரே இடங்களில் காய்களை வைக்கும்: சிப்பாய்கள் டி4, ஈ3, சி3, மந்திரிகள் எஃப்4, டி3, குதிரைகள் எஃப்3, டி2.

1. டி4 – டி5
2. மந்திரி எஃப்4 – குதிரை எஃப்6
3. ஈ3 – சி5
4. சி3 – குதிரை சி6
5. குதிரை டி2 – ஈ6
6. குதிரை ஜி எஃப்3 – மந்திரி டி6
7. மந்திரி ஜி3

எஃப்4 மந்திரியை வெளியே எடுத்த பிறகுதான் ஈ3 ஆட வேண்டும். முதலில் ஈ3 ஆடினால் அந்த மந்திரி சிறைப்படும். கடைசி நகர்வில் டி6 மந்திரியை நாமாக வெட்டாமல் ஜி3க்குப் பின்வாங்குகிறோம். கறுப்பு அங்கே வந்து வெட்டினால் எச் சிப்பாயால் திருப்பி வெட்டலாம். நமது எச்1 கோட்டைக்கு வழி திறக்கும். அடுத்த இலக்கு ஈ5 கட்டம்: அங்கே ஒரு குதிரையை நிறுத்தி, எஃப்4 சிப்பாயால் காவல் போட்டு, ராஜா பக்கம் நகருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். கறுப்பின் குதிரை எச்5க்கு வந்து மந்திரியைத் துரத்தும் முறை அடிக்கடி வரும். நேரம் கிடைக்கும்போது எச்3 ஆடி வைத்தால் மந்திரி எச்2இல் ஒளிந்துகொள்ளலாம். மற்றது, சி5க்குப் பிறகு கறுப்பு ராணி பி6க்கு வந்து பி2 சிப்பாயைத் தாக்குவது. பதில் ராணி பி3. கறுப்பு சி4 தள்ளினால் ராணி சி2. அதற்கு மந்திரி எஃப்5 வந்தால் அதை வெட்ட ஆசைப்படாமல் ராணி சி1க்குப் போங்கள். எஃப்5இல் வெட்டினால் கறுப்பு ராணி பி2ஐ எடுத்து ஏ1 கோட்டையையும் பிடித்துவிடும்.

லண்டனைச் சிறுபிள்ளைத் தொடக்கம் என்று ஏளனம் செய்வோர் உண்டு. 2023 உலக சாம்பியன் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் டிங் லிரன் நெப்போம்னியாச்சியை வீழ்த்தியது இந்த முறையில்தான். ஆனாலும் அதிலேயே குடியிருக்காதீர்கள். எல்லா ஆட்டமும் ஒரே மாதிரி ஓடும்போது புதிய திட்டங்கள் கைக்கு வராது. அடுத்த தவணைக்குள் ராணி கேம்பிட்டுக்கு மாறுங்கள்.

ராணி கேம்பிட்: இரண்டு மாதத்தில்

1. டி4 – டி5
2. சி4

கேம்பிட் என்றால் சிப்பாயைத் தியாகம் செய்வது. இங்கே அது பெயரளவுக்குத்தான். கறுப்பு சி4ஐ வெட்டிவிட்டு வைத்துக்கொள்ள முயன்றால் தண்டனை கிடைக்கும். பயிற்சிக் கணக்கு 2 அதைக் காட்டும். வெட்டினால் ஈ3 ஆடி, எஃப்1 மந்திரியால் சிப்பாயை மீட்டு, காஸ்லிங் செய்யுங்கள். கறுப்பு சி6 (ஸ்லாவ்) ஆடினால் குதிரை எஃப்3, பிறகு ஈ3. எஃப்5க்கு வரும் கறுப்பு மந்திரியைக் குதிரை எச்4 ஆடித் துரத்தலாம்.

முக்கியமான பதில் 2...ஈ6, மறுக்கப்பட்ட ராணி கேம்பிட். 1927இல் புவனோஸ் ஐரஸில் கப்பபிளாங்காவும் அலேகினும் உலக சாம்பியன் பட்டத்துக்காக ஆடிய 34 ஆட்டங்களில் 32 இந்தத் தொடக்கம். இதற்கு நாம் ஆடப்போவது பரிமாற்ற முறை:

2. ... – ஈ6
3. குதிரை சி3 – குதிரை எஃப்6
4. சி×டி5 – ஈ×டி5
5. மந்திரி ஜி5 – மந்திரி ஈ7
6. ஈ3 – சி6
7. மந்திரி டி3 – காஸ்லிங்
8. ராணி சி2 – குதிரை பி டி7
9. குதிரை எஃப்3 – கோட்டை ஈ8
10. காஸ்லிங் – குதிரை எஃப்8

இங்கே நிறுத்தி, சிப்பாய்களை மட்டும் விட்டுவிட்டு மற்றக் காய்களையெல்லாம் பலகையிலிருந்து எடுங்கள். மிஞ்சுவது கார்ல்ஸ்பாட் அமைப்பு என்று பெயர் பெற்றது. வெள்ளைக்கு சி சிப்பாய் இல்லை. கறுப்புக்கு ஈ சிப்பாய் இல்லை. சி நிரை வெள்ளைக்குப் பாதி திறந்திருக்கிறது. ஈ நிரை கறுப்புக்கு. ராணி பக்கத்தில் நம்மிடம் ஏ, பி என்று இரண்டு சிப்பாய்கள். கறுப்பிடம் ஏ, பி, சி என்று மூன்று. இந்த எலும்புக்கூட்டை மனத்தில் பதித்துக்கொண்டால், நகர்வு வரிசை மாறினாலும் தடுமாற மாட்டீர்கள்.

சிறுபான்மைத் தாக்குதல்

இரண்டு சிப்பாய்கள் போய் மூன்று சிப்பாய்களைத் தாக்குவதால் இந்தப் பெயர். படிகள் நான்கு:

ஏ1 கோட்டையை பி1க்குக் கொண்டுவாருங்கள்.

பி4 தள்ளுங்கள். கறுப்பு ஏ5 ஆடித் தடுத்திருந்தால் முதலில் ஏ3 ஆடிவிட்டு பி4.

பி5 தள்ளி சி6ஐத் தாக்குங்கள்.

சி6இல் வெட்டுங்கள். கறுப்பு பி சிப்பாயால் திருப்பி வெட்டினால் சி6 தனியாகப் பின்தங்கி நிற்கும். சி நிரையில் கோட்டைகளை வைத்து அதைத் தாக்குங்கள். குதிரையை ஏ4 வழியாக சி5க்குக் கொண்டுபோங்கள்.

இதனால் நாலு நகர்வில் மேட் வராது. கிடைப்பது, கறுப்பு இறுதியாட்டம் வரை சுமக்க வேண்டிய ஒரு நோஞ்சான் சிப்பாய். அந்தச் சிப்பாயைக் காக்கக் கறுப்பின் இரண்டு காய்கள் கட்டுண்டு கிடக்கும்போது, நாம் மறுபக்கம் இன்னொரு தாக்குதலைத் திறக்கலாம்.

கறுப்பும் சும்மா இருக்காது. ஈ4 கட்டத்தில் ஒரு குதிரையை நிறுத்தி, ராஜா பக்கம் காய்களைக் குவிக்கும். ஆகவே பி5 தள்ளும் முன் ஒவ்வொரு தடவையும் பாருங்கள்: ஈ4க்கு வரும் குதிரையை வெட்ட என்னிடம் காய் இருக்கிறதா? எச்2க்குக் காவல் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் தள்ளுங்கள்.

குகேஷ் சிங்கப்பூரில் ஆடியதும் இந்த அமைப்புதான், வேறு வரிசையில்: 4. சி×டி5க்குப் பிறகு குதிரை சி3, ராணி சி2, எச்3, பிறகு ஜி4 என்று ராஜா பக்கச் சிப்பாயைத் தள்ளினார். டிங்கின் மந்திரி நெருக்கடிக்குள் சிக்கியது, கடிகாரமும் ஓடியது, 37ஆவது நகர்வில் நேரம் முடிந்து டிங் தோற்றார். ஒரே எலும்புக்கூட்டில் இரண்டு பக்கமும் திட்டம் உண்டு என்பதற்கு அந்த ஆட்டமே பாடம்.

கறுப்பு வேறு வழி எடுத்தால்

கிங்ஸ் இந்தியன்: 1. டி4 – குதிரை எஃப்6, 2. சி4 – ஜி6, 3. குதிரை சி3 – மந்திரி ஜி7. கறுப்பு நடுப்பகுதியை நம்மிடம் விட்டுவிட்டுப் பின்னால் காத்திருக்கும். 1638இல் போர்த்துக்கேயப் படை கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. எரித்துவிட்டுத் திரும்பும் வழியில் கன்னொறுவவில் இரண்டாம் இராஜசிங்கனின் படை அவர்களைச் சூழ்ந்து அழித்தது. கிங்ஸ் இந்தியனும் அந்த யுத்திதான்: இடம் கிடைத்துவிட்டது என்று முன்னேறுபவரைத் திரும்ப விடாது. ஆகவே ஈ4 தள்ளி இடத்தைப் பிடித்த பின் குதிரை எஃப்3, மந்திரி ஈ2, காஸ்லிங் என்று முதலில் ராஜாவைப் பத்திரப்படுத்துங்கள். கறுப்பு ஈ5 ஆடி நீங்கள் டி5 என்று மூடினால், உங்கள் வேலை ராணி பக்கம்: சி5 தள்ளுவதே இலக்கு. எதிராளி எஃப்5, எஃப்4, ஜி5 என்று உங்கள் ராஜாவை நோக்கி வருவார். யார் முந்துகிறார் என்பதே ஆட்டம்; நடுவில் தயங்கி ஒரு நகர்வை வீணாக்கினால் தோல்வி.

நிம்சோ இந்தியன்: 1...குதிரை எஃப்6, 2...ஈ6, 3...மந்திரி பி4. இதைப் படிக்க இப்போது நேரமில்லை என்றால் மூன்றாவது நகர்வில் குதிரை சி3க்குப் பதில் குதிரை எஃப்3 ஆடுங்கள். கறுப்பு டி5 ஆடினால் குதிரை சி3, பின் சி×டி5 என்று பழகிய அமைப்புக்கே திரும்பலாம்.

டச்சு: 1...எஃப்5. ஜி3, மந்திரி ஜி2, குதிரை எஃப்3, காஸ்லிங், பிறகு சி4. கறுப்பு எஃப் சிப்பாயைத் தள்ளியதால் அதன் ராஜாவைச் சுற்றிய கட்டங்கள் பலவீனம், அவசரப்படத் தேவையில்லை.

ஆல்பின்: 1. டி4 – டி5, 2. சி4 – ஈ5, 3. டி×ஈ5 – டி4. இங்கே 4. ஈ3 ஆடக் கூடாது. மந்திரி பி4+, மந்திரி டி2, டி×ஈ3 என்று போய், பி4ஐ வெட்டினால் எஃப்2இல் சிப்பாய் செக் வைத்து, அடுத்து ஜி1இல் வெட்டிக் குதிரையாக மாறியே இன்னொரு செக் வைக்கும். 4. குதிரை எஃப்3 போதும்.

கறுப்புக் காய்களுடன்: அதே அமைப்பு, மறுபக்கம்

எதிராளி டி4 ஆடினால் நீங்கள் டி5, ஈ6. அவர் பரிமாற்றம் செய்தால், இதுவரை வெள்ளையாகப் படித்த கார்ல்ஸ்பாட் நிலையில் இப்போது கறுப்பாக இருப்பீர்கள். சிறுபான்மைத் தாக்குதல் எங்கே வரும் என்று தெரியும். ஈ4 குதிரையும் ராஜா பக்கத் தாக்குதலும் உங்கள் கையில்.

அவர் பரிமாறாமல் அழுத்தினால் லஸ்கர் தற்காப்பு:

1. டி4 – டி5
2. சி4 – ஈ6
3. குதிரை சி3 – குதிரை எஃப்6
4. மந்திரி ஜி5 – மந்திரி ஈ7
5. ஈ3 – காஸ்லிங்
6. குதிரை எஃப்3 – எச்6
7. மந்திரி எச்4 – குதிரை ஈ4
8. மந்திரி×ஈ7 – ராணி×ஈ7

கறுப்புக்கு இடம் குறைவு; இடம் குறைந்தவர் காய்களை மாற்றிக் குறைக்க வேண்டும். ஏழாவது நகர்வு அதைத்தான் செய்கிறது. அடுத்து சி3இல் குதிரையை வெட்டி, டி×சி4 ஆடி, குதிரையை டி7க்கு எடுங்கள். பின் பி6 ஆடி மந்திரியை பி7இல் வையுங்கள், அல்லது ஈ5 தள்ளி நடுவைத் திறங்கள். 2010 மே 11ஆம் திகதி சோஃபியாவில், புள்ளிகள் சமமாக இருந்த நிலையில், கடைசி ஆட்டத்தைக் கறுப்புக் காய்களுடன் ஆட வேண்டி வந்தபோது ஆனந்த் தெரிவு செய்தது இந்தத் தற்காப்பையே. அந்த ஆட்டத்தை வென்று பட்டத்தைக் காத்துக்கொண்டார்.

எதிராளி லண்டன் ஆடினால் சி5, குதிரை சி6, ராணி பி6. முன்னே நீங்கள் அஞ்சிய அதே தாக்குதல்.

எட்டு வாரத் திட்டம்

முதல் இரண்டு வாரம்: பரிமாற்ற முறையின் பத்து நகர்வுகளையும் கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரே ஒரு வரியில் காரணம் எழுதுங்கள். காரணம் எழுத முடியாத நகர்வு இன்னும் உங்களுடையதாகவில்லை. மூன்றாம், நான்காம் வாரம்: பத்தாவது நகர்வு நிலையைப் பலகையில் வைத்து, ஒரு நண்பருடன் மாறி மாறி வெள்ளையாகவும் கறுப்பாகவும் ஆடுங்கள். ஐந்தாம் வாரம் லஸ்கர். ஆறாம் வாரம் கிங்ஸ் இந்தியன், டச்சு. கடைசி இரண்டு வாரமும் ஆட்டம் மட்டும்.

லிச்செஸ் தளம் இலவசம். அதிலுள்ள ஓப்பனிங் பகுதியில் ஒவ்வொரு நிலையிலும் மற்றவர்கள் என்ன ஆடினார்கள் என்று பார்க்கலாம். முதலில் உங்கள் ஆட்டத்தை நீங்களே அலசுங்கள். பிறகு கணினியைக் கேளுங்கள். ரயிலில் போய்வருபவர்கள் கண்டிக்கும் கம்பளைக்கும் இடையில் பலகை இல்லாமல், மனத்திலேயே முதல் பத்து நகர்வுகளை ஓட்டிப் பார்க்கலாம்.

போட்டி மண்டபத்துக்குள் கைத்தொலைபேசிக்கு இடமில்லை. சுற்றுகளுக்கு இடையில் புரட்டிப் பார்க்க அந்தக் கொப்பிதான் துணை. ஒரு தோல்விக்குப் பிறகு, மண்டப வாசலிலேயே தொடக்கத்தை மாற்ற முடிவு செய்யாதீர்கள். அந்தத் தவணையின் ஆட்டங்கள் முழுவதையும் சேர்த்துப் பார்த்த பிறகே மாற்றுவதா என்று யோசியுங்கள்.

பயிற்சி

1. டி4 – டி5. சி4 – ஈ6. குதிரை சி3 – குதிரை எஃப்6. மந்திரி ஜி5 – குதிரை பி டி7. சி×டி5 – ஈ×டி5. கறுப்பின் எஃப்6 குதிரை ராணிக்கு முன்னால் கட்டுண்டு நிற்கிறது. வெள்ளை குதிரை×டி5 ஆடலாமா?

2. டி4 – டி5. சி4 – டி×சி4. ஈ3 – பி5. ஏ4 – சி6. ஏ×பி5 – சி×பி5. வெள்ளையின் சிறந்த நகர்வு எது?

3. டி4 – குதிரை எஃப்6. சி4 – ஈ5. டி×ஈ5 – குதிரை ஜி4. மந்திரி எஃப்4 – குதிரை சி6. குதிரை எஃப்3 – மந்திரி பி4+. குதிரை பி டி2 – ராணி ஈ7. ஏ3 – குதிரை ஜி×ஈ5. வெள்ளை பி4 மந்திரியை வெட்டினால் என்ன நடக்கும்?

விடைகள்

1. கூடாது. கறுப்பு குதிரை×டி5 என்று கட்டை மீறி வெட்டும். வெள்ளை மந்திரி ராணியை எடுத்தாலும் மந்திரி பி4+ வரும். வெள்ளைக்கு ராணியை டி2இல் குறுக்கே வைப்பதைத் தவிர வழியில்லை. கணக்கு முடியும்போது கறுப்புக்கு ஒரு சிப்பாய்க்கு ஈடாக ஒரு குதிரை அதிகம்.

2. ராணி எஃப்3. ஏ8 கோட்டை மாட்டிக்கொள்ளும். அதைக் காக்கக் கறுப்பு ஒரு காயையாவது இழக்க வேண்டும்.

3. குதிரை டி3, மேட். ஈ2 சிப்பாய் ராணி ஈ7ஆல் கட்டுண்டிருப்பதால் குதிரையை வெட்ட முடியாது. ராஜாவைச் சுற்றி நிற்பதெல்லாம் சொந்தக் காய்களே.

விடை சரியாக வந்தால் மட்டும் போதாது. ஏன் என்பதை இன்னொருவருக்குப் பலகையில் விளக்கிக் காட்டுங்கள். மூன்றையும் விளக்க முடிந்தவர் அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.